செமினியில் போட்ட கையெழுத்து

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவன். அந்த இரண்டாம் வகுப்பையும் மழைக்காலத்தில் கூரை ஒழுகியதால் பாதியில் மூடிவிட்டார்கள். ஆகவே ஒன்றரை வகுப்பு என்று சொல்வதுதான் சரி. அந்த ஒன்றரை வகுப்பை வைத்துக்கொண்டு மலாய் நாட்டில் கிள்ளானில் இரும்புச் சாமான் கடை திறந்தேன், வீடு கட்டினேன், பிள்ளைகளைப் படிக்க வைத்தேன், கோயில் கமிட்டிக்குத் தலைவராக இருந்தேன். யாரும் கைகொடுத்து நான் எழுந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு சொல்வதை நம்புவதற்குச் சௌகரியமாக இருக்கும்.

என் கடை வளர்ந்த கதையைக் கேட்கத்தான் பலரும் வருகிறார்கள். அதைவிட எனக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. என்னை ஒரு கூட்டத்தின் நடுவே பொய்யனாக்கியவனை, அதே கூடத்தில், அவன் எழுத்தைக்கொண்டே நான் உட்கார வைத்த கதை. நான் செய்த நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று என்பது என் எண்ணம். இத்தனை வயதாகியும் அதை நினைத்தால் சாப்பாடு ருசிக்கிறது.

அப்போது பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்பில் இருந்தேன். ரப்பர் விலை விழுவதற்குச் சில வருஷங்களுக்கு முன்பு. எனக்குத் தண்டவாளம் பார்த்து நடக்கும் வேலை. தோளில் சுத்தியல், இடுப்பில் சிவப்புக் கொடி பச்சைக் கொடி, கையில் ஸ்பேனர். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் பாதையில் ஐந்து மைல் போக, ஐந்து மைல் வர. ஆணி கழன்றிருந்தால் அடிப்பேன், போல்ட் தளர்ந்திருந்தால் முடுக்குவேன், தண்டவாளம் விரிந்திருந்தால் கொடி காட்டி ரயிலையே நிறுத்துவேன். கேங்கில் குனிந்து கல் இடிக்கிற முப்பது பேரில் இந்த வேலைக்கு ஒருவனைத்தான் எடுப்பார்கள். என்னைத்தான் எடுத்தார்கள்.

இந்த வேலைக்கு ஒரு புத்தகம் உண்டு. பாதையின் அந்தக் கோடிக்குப் போனதும் அங்கிருக்கும் ஸ்டேஷன் மாஸ்டரிடம் அதை நீட்டி, வந்து சேர்ந்த நேரத்தை எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்து இல்லாவிட்டால் நடக்கவில்லை என்று அர்த்தம். கால் தேய நடந்திருந்தாலும் சரிதான், நடக்கவில்லை. ஏழு வருஷம் அப்படியே பழகியவன் நான். ஒரு இடத்துக்கு நடந்து போனால் கை தானாகப் புத்தகத்தைத் தேடும்.

பிரிக்பீல்ட்ஸில் எங்களுக்கு ஒரு வாசகர் சங்கம் இருந்தது. கிராணிமார்கள், அதாவது குமாஸ்தாக்கள், நடத்தியது. பத்திரிகை வாசிப்பார்கள், சொற்பொழிவு வைப்பார்கள். எங்களைப் போன்றவர்கள் பின்னால் நின்று கேட்கலாம். அதன் காரியதரிசி ஒரு ஆபீஸ் கிராணி. வெள்ளைக் கால்சட்டை, தங்க நிப்பு வைத்த பேனா, இங்கிலீஷில் பேசும்போது தானாக உயரும் புருவம். அவருக்குத் தலைவராக வேண்டும் என்று ஆசை. எங்கெங்கோ ஊர்களில் வாலிபர்கள் நூறு மைல், இருநூறு மைல் நடந்து, அதைத் தினசரிக் குறிப்பாக எழுதிப் புத்தகம் போடுகிறார்கள் என்று படித்திருக்கிறார். தானும் மலாக்காவுக்கு நடக்கப் போவதாகச் சங்கத்தில் அறிவித்தார். தொண்ணூறு மைலுக்கு மேல். நடந்து முடித்தவர் பெயரைக் கூடத்துப் பலகையில் எழுதுவது என்று முடிவானது.

சுமை தூக்கவும் சோறாக்கவும் ஆள் வேண்டும். என்னைக் கூப்பிட்டார்.

"நடக்கிறதுல நீ கெட்டிக்காரனாமே?"

"அதுதாங்க என் வேலை."

"அப்ப வா. உன் பேரையும் பலகையில கீழ எழுதச் சொல்றேன்."

அதற்காகவே லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். என் பெயரை அதுவரை யாரும் எங்கேயும் பெயிண்டில் எழுதியதில்லை. போகிற வழியில் ஒரு கடையில் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன்.

முதல் நாள் செராஸ் வழியாகக் காஜாங் வரை போனோம். அவர் புதுக் கான்வாஸ் சப்பாத்து போட்டிருந்தார். கையில் மஞ்சள் துணியில் சங்கத்துக் கொடி கட்டிய தடி. நான் மோட்டார் டயரில் வெட்டிய செருப்பு. முதுகில் அரிசி, சட்டி, இரண்டு பேர் படுக்கை. பத்தாவது மைலிலேயே அவர் நொண்ட ஆரம்பித்துவிட்டார். சாயங்காலம் காஜாங்கில் ஒரு சலவைக்காரர் கொட்டகையில் தங்கினோம். காரியதரிசி சுடுநீரில் காலை வைத்துக்கொண்டு தோல் அட்டை போட்ட டைரியில் எழுதினார். எழுதியதை எனக்குப் படித்தும் காட்டினார். காலைப் பனி, பறவைகளின் கானம், பச்சைக் கம்பளம் விரித்த குன்றுகள். வழியெல்லாம் அவர் தன் சப்பாத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. பக்கத்தில் நடந்த எனக்குத் தெரியாதா?

நானும் என் நோட்டை எடுத்தேன்.

"நீ என்னடா எழுதப்போற?"

"நடந்ததைத்தாங்க."

எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். ஸ்டேஷன் பலகைகளைப் பார்த்துப் பார்த்துக் கூட்டிப் படித்தவன். எனவே மைல் கல்லைப் போட்டு அதற்கு நேரே ஒரு வரி மட்டும் எழுதினேன். ஏழாம் கல், பாலம், பலகை ஒன்று ஆடுகிறது. பதினொன்று, ஐயா உட்கார்ந்தார். பன்னிரண்டு, ஐயா உட்கார்ந்தார். பதிமூன்று, உடும்பு. பிறகு வழக்கப்படி நோட்டைச் சலவைக்காரரிடம் நீட்டி, "நாங்க நடந்து வந்தோம்னு ஒரு வரி போட்டுக் கொடுங்கண்ணே" என்றேன். அவர் துணிக்குக் குறி போடுகிற மையால் எழுதித் தந்தார். காரியதரிசி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கைநாட்டுப் புஸ்தகம்" என்று அதற்குப் பெயரும் வைத்தார்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும், செமினிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒரு சீனர் காப்பிக் கடை. எதிரே மழைமரத்தடியில் ஒரு மோட்டார் நின்றது. காரியதரிசியின் சிநேகிதர், தோட்டத்துக் கிராணி ஒருவர், வேறு இரண்டு பேரோடு சிரம்பானுக்குப் போய்க்கொண்டிருந்தார். காரியதரிசி தன் காலைப் பார்த்தார், மோட்டாரைப் பார்த்தார், பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"கொப்புளம் உடைஞ்சிருச்சுடா. நான் சிரம்பான்ல இருக்கேன். நீ நடந்து வந்து சேரு. யாராவது கேட்டா, சேந்துதான் நடந்தோம். என்ன?"

"சரிங்க ஐயா."

சொன்னேன், மறைக்கவில்லை. பெரிய மனிதருடைய மானம் என் கையில் இருப்பதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. அதைச் சாகும்வரை காப்பாற்றியிருப்பேன். ஆனால் என் பழக்கம் விடுமா? அவர் மோட்டாரில் ஏறி உட்கார்ந்ததும் நோட்டை நீட்டினேன்.

"செமினி கையெழுத்துங்க."

மோட்டாரில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே தங்க நிப்புப் பேனாவைத் திறந்து இங்கிலீஷில் இரண்டு வரி எழுதினார். தேதி போட்டார், கீழே நீட்டி வளைத்துக் கையெழுத்தும் போட்டார். எழுதியதை உரக்கப் படித்துக் காட்டினார். தோட்டத்துக் கிராணி மோட்டார் கதவைத் தட்டித் தட்டிச் சிரித்தார். ஏதோ நல்ல வேடிக்கை என்று நினைத்து நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை மட்டும் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

மோட்டார் போயிற்று. மஞ்சள் கொடி கட்டிய தடி உள்ளே அடங்காமல் ஜன்னல் வழியே வெளியே நீட்டிக்கொண்டு போனது.

நான் நடந்தேன். பெரானாங்கில் மழை. ஒரு சீனர் கடைக்குள் ஒதுங்கி நோட்டை நீட்டினேன். அவர் என் காலைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், தூரிகையை எடுத்து மேலிருந்து கீழே ஒரு வரி எழுதினார். மந்தினில் ஒரு மலாய்க்காரப் பெரியவர், "ஜாலான் காக்கி?" என்று கேட்டார். ஆமாம், நடந்துதான் என்று தலையாட்டினேன். "ஒராங் கீலா" என்று சொல்லிச் சிரித்து, எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் தந்து, அரபு எழுத்துப் போலிருக்கும் ஜாவியில் எழுதிக் கொடுத்தார். பைத்தியக்காரன் என்றாலும் நடந்த பைத்தியக்காரன் என்று ஒப்புக்கொண்டாரே. மந்தினைத் தாண்டி மலை வளைவில் நம் ஆட்கள் ரோட்டுக்குத் தார் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களை மேய்க்கிற மேஸ்திரி, மண்டோர் என்பார்கள், அவருக்கு எழுதத் தெரியாது. கட்டைவிரலைத் தாரில் தொட்டு என் நோட்டில் அழுத்தினார். "இது அழியாது தம்பி, இந்த ரோடு இருக்கிறவரைக்கும் இருக்கும்" என்றார். சிரம்பானில் ஸ்டேஷன் மாஸ்டர் நேரம் போட்டுக் கையெழுத்திட்டார். இடைப்பட்ட மைல்களுக்கெல்லாம் என் வரிகள். முப்பத்திரண்டு, செருப்பு வார் அறுந்தது. முப்பத்து மூன்று, ஒற்றைச் செருப்பு. முப்பத்து நான்கு, செருப்பு இல்லை.

சிரம்பானிலிருந்து மலாக்கா வரை அவரும் நடந்தார். இல்லை என்று சொல்ல மாட்டேன். இருபது மைல்தான் ஏமாற்றினார். சேர்ந்துதான் நடந்தோம் என்று செமினியில் பேசியதை மாற்றாமல் அப்படியே வைத்திருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

ரயிலில் திரும்பி வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் பாராட்டுக் கூட்டம். முன் வரிசையில் எங்கள் பாதை இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பான மனிதர். என் வேலை அவர் கையில். காரியதரிசி டைரியை வாசித்தார். மந்தின் மலை வளைவில் மேகம் தன் தோளைத் தொட்டதாக ஒரு பகுதி. கைதட்டினார்கள். அப்போது மஸ்ஜித் இந்தியா தெருவில் துணிக்கடை வைத்திருந்த பாய் ஒருவர் எழுந்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஒரு சந்தேகம். அந்தச் செவ்வாக்கிழமை நான் லோரியில சிரம்பான்லேருந்து வந்துக்கிட்டிருந்தேன். எதிர்த்தாப்புல ஒரு மோட்டார். இதோ சாத்தி வச்சிருக்கீங்களே, மஞ்சக் கொடி கட்டின தடி, அது வெளிய நீட்டிக்கிட்டிருந்துச்சு. உள்ள யாருன்னு தெரியல. உங்கள்ல யாரு மோட்டார்ல போனது?"

காரியதரிசியின் முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு என் பக்கம் திரும்பி, பரிதாபமாகப் பார்த்தார்.

"சொல்ல வேணாம்னு பாத்தேன். சுமை தூக்கின ஆளு, பாவம். கால் வீங்கிப் போச்சு, அழுதான். நான்தான் ஏத்தி விட்டேன். தடியையும் அவன்கிட்ட கொடுத்துட்டு நான் தனியா நடந்தேன்."

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். "நடக்கிறதுல கெட்டிக்காரன்னு சொன்னாங்களே" என்று யாரோ பின்னாலிருந்து சொல்ல, கூடமே சிரித்தது. நான் எழுந்து, "என்கிட்ட புஸ்தகம் இருக்குங்க" என்றேன். "கைநாட்டுப் புஸ்தகம்" என்றார் காரியதரிசி. இரண்டாம் முறை சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் என் குரல் எடுபடவில்லை. செமினியில் சரிங்க ஐயா என்று சொன்ன வாய், அதன்பிறகு ஒட்டிக்கொண்டது.

கூட்டம் முடிந்து வெளியே வந்த இன்ஸ்பெக்டர் என்னிடம் இரண்டே வார்த்தை பேசினார். "மோட்டார் ஏறுகிற ஆளை நம்பி நான் ரயிலை விட ஏலாது. நாளைக்குக் கேங்கில வந்து நில்லும்."

மறுநாள் என் சுத்தியலையும் கொடிகளையும் வேறொருவனிடம் கொடுத்தார்கள். நான் பழையபடி முப்பது பேரோடு குனிந்து, தண்டவாளக் கட்டைக்கு அடியில் கல்லை இடித்துத் திணித்தேன். எனக்குப் பதிலாக வந்தவன் தினமும் என்னைத் தாண்டி நடந்து போவான். அவன் போகும்போதெல்லாம் கேங்கில் ஒருத்தன், "அண்ணே, மோட்டார் வருது, ஏறிக்கிறீங்களா?" என்பான். மற்றவர்கள் சிரிப்பார்கள். நான் இடிப்பேன். ஒவ்வொரு இடிக்கும் கல்லுக்குப் பதில் எந்தத் தலையை நினைத்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் வீட்டு வரிசைக்கு எதிரே மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்த ஒரு டீச்சரம்மா இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சபையிலிருந்து திரும்பியதும் நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரானாங் சீனர், மந்தின் பெரியவர், தார் விரல், எல்லாம் என் பக்கம் இருந்தன. செமினிப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் எனக்குத் தெரியாது.

டீச்சரம்மா படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து இன்னொரு முறை படித்தார்.

"இதை யாரு எழுதினது தம்பி?"

"காரியதரிசி ஐயாதாங்க. கையெழுத்து இருக்கே."

"அப்படியே சொல்லவா?"

"அப்படியே சொல்லுங்க."

"'செமினி, காலை பத்து மணி. இந்த மாடு நடக்கட்டும். மனிதனாகிய நான் மோட்டாரில் சிரம்பான் போகிறேன்.' அவ்வளவுதான். கீழ பேரு, தேதி."

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எழுதியவன் அதை என் முகத்துக்கு நேரே படித்தான், நான் சிரித்தேன். ஆனால் உட்கார்ந்தது வருத்தத்தில் அல்ல. இப்படி ஒரு ஆயுதத்தை ஒருவன் தானே கூர் தீட்டி, தேதி போட்டு, கையெழுத்திட்டு எதிரியின் கையில் கொடுப்பானா? இவனுக்குப் படிக்கத் தெரியாது, இவன் நோட்டை வேறு யார் பார்க்கப் போகிறார்கள் என்ற திமிரில் கொடுத்திருக்கிறான்.

"இன்னிக்கே இன்ஸ்பெக்டர்கிட்ட கொண்டு போய்க் காட்டுங்க தம்பி" என்றார் டீச்சரம்மா.

"இல்லைங்க டீச்சரம்மா. எல்லாரும் இருக்கும்போது சிரிச்சாங்க. எல்லாரும் இருக்கும்போதுதான் காட்டுவேன்."

அவர் என்னைக் கொஞ்சம் பயத்தோடுதான் பார்த்தார்.

மூன்று மாதம் பொறுத்தேன். நோட்டை எண்ணெய்த் துணியில் சுற்றித் தகரப் பெட்டிக்குள் வைத்தேன். ஆண்டுக் கூட்டத்தில்தான் தலைவர் தேர்தல், பலகைத் திறப்பு, காரியதரிசியின் டைரியை அச்சிட்ட புத்தகம் வெளியீடு, மூன்றும். வரட்டும் என்று காத்திருந்தேன். அவன் எவ்வளவு உயரம் ஏறுகிறானோ அவ்வளவு நல்லது. வழியில் பார்த்தால் முன்னைவிடப் பணிவாக வணக்கம் வைத்தேன்.

அந்த நாள் வந்தது. கூடம் நிறைந்திருந்தது. பலகையில் அவர் பெயர் மட்டும் புதுப் பெயிண்டில் மின்னியது. இன்ஸ்பெக்டர் முன் வரிசையில், பாய் அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி. புத்தகத்தைப் பற்றி யாராவது இரண்டு வார்த்தை சொல்லலாம் என்றதும் கைதூக்கினேன். காரியதரிசியே பெருந்தன்மையாக, "வா, வா, கூட வந்தவன்தானே" என்றார். மேடைக்குப் போய் நோட்டை அவர் கையில் கொடுத்தேன்.

"ஐயா, இது என் நடைக் குறிப்பு. இதுல நீங்க உங்க கைப்பட ரெண்டு வரி எழுதிக் குடுத்தீங்க. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. நீங்களே எல்லாருக்கும் படிச்சுச் சொன்னா எனக்குப் பெருமையா இருக்கும்."

பக்கத்தைப் பார்த்தார். அந்த முகம் மாறியதை நான் இவ்வளவு அருகிலிருந்து பார்த்தது என் பாக்கியம். முதலில் புருவம் இறங்கியது. பிறகு உதடு உலர்ந்தது. அப்போது அவர் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்கலாம். வழி இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு கூடத்தைப் பார்த்தார்.

"இது... 'இவர் ஒரு நல்ல நடைக்காரர். இவருக்கு என் வாழ்த்துகள்' அப்படின்னு எழுதியிருக்கேன்."

அதற்காகத்தான் காத்திருந்தேன். நோட்டை அவர் விரல்களிலிருந்து மெல்ல உருவினேன். இறுக்கித்தான் பிடித்திருந்தார். கீழே இறங்கி இன்ஸ்பெக்டரிடம் நீட்டினேன்.

"ஐயா, அதையே நீங்களும் ஒருக்கா படிங்க."

இன்ஸ்பெக்டர் மனதுக்குள் படித்தார். பிறகு எழுந்து நின்று, இங்கிலீஷில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை, தேதியோடு, கையெழுத்தோடு, நிறுத்தி நிதானமாக வாசித்தார். மாடு என்ற இடத்தில் என்னை நிமிர்ந்து பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. பாய் மட்டும், "அப்ப நான் பாத்தது அந்த மனுஷனைத்தான் போல" என்றார். அதன் பிறகு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முழுக்க மேடையைப் பார்த்துப் போயிற்று.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். தூரிகை எழுத்து, ஜாவி, தார் விரல், சிரம்பான் நேரம். கடைசியில் தன் பேனாவை எடுத்து, பாதைப் புத்தகத்தில் போடுவதுபோலவே கீழே கையெழுத்திட்டார்.

"நாளைக்குச் சுத்தியலை எடுத்துக்கொள்ளும். பிழை என்னுடையது."

அந்த வாரமே பலகையிலிருந்த பெயரைச் சுரண்டி என் பெயரை எழுதினார்கள். சுரண்டிய தடம் என் பெயருக்கு அடியில் தெரிந்தது. பெயிண்டர் இன்னொரு பூச்சுப் பூசி மறைக்கவா என்று கேட்டார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று சொன்னேன். காரியதரிசி தேர்தலில் நிற்கவில்லை. புத்தகக் கட்டுகள் பிரிக்கப்படாமலே ஒரு மூலையில் கிடந்தன. சில மாதங்களில் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

கதை அத்தோடு முடியவில்லை. சில வருஷம் கழித்து நான் வேலையை விட்டுக் கிள்ளானில் கடை போட்டேன். ஜப்பான்காரன் வருவதற்கு முன்பு. ஒரு நாள் பகலில், ஆணிப் பெட்டிகளுக்கு நடுவே குடையோடு ஒருவர் வந்து நின்றார். தலை நரைத்திருந்தது. கால்சட்டை அதே வெள்ளை.

"என்னைத் தெரியுதுங்களா?" என்றார். பழைய 'டா' போய் 'ங்க' வந்திருந்தது.

"உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. "பொண்ணுக்குக் கிள்ளான்லதான் வரன் வந்திருக்கு. அந்தக் கதை இங்கயும் வந்துருச்சு. வெறும் பேச்சுன்னா சமாளிச்சுக்குவேன். அந்தப் பக்கம் உங்ககிட்ட இருக்குன்னு மாப்பிள்ளை வீட்டுல சொல்லிக்கிறாங்க. அதைக் கிழிச்சுக் குடுத்தீங்கன்னா..."

நான் உள்ளே போய் நோட்டைக் கொண்டு வந்தேன். அவர் கண் அதன்மேலேயே இருந்தது. செமினிப் பக்கத்தைத் தாண்டி, கடைசியில் காலியாக இருந்த ஒரு பக்கத்தைத் திறந்து, பேனாவோடு அவர் முன்னால் வைத்தேன்.

"ஸ்டேஷன்லேருந்து என் கடை ஒரு மைல். நடந்தா வந்தீங்க?"

"இல்ல. ரிக்ஷாவுல."

"அதை எழுதிக் கையெழுத்துப் போடுங்க. தமிழ்லயே எழுதுங்க. நான் படிக்கணும்."

பேனாவை எடுத்தார். பிறகு குனிந்து எழுதினார், தேதி போட்டார், கையெழுத்துப் போட்டார். இந்த முறை நீட்டி வளைக்கவில்லை. எழுதி முடித்துக் கையை நீட்டினார், செமினிப் பக்கத்துக்காக. நான் ஒரு எழுத்து விடாமல் கூட்டிப் படித்தேன். 'ரிக்ஷாவில் வந்தேன்.' மை உலரட்டும் என்று கொஞ்சம் ஊதினேன். நோட்டை மூடி எண்ணெய்த் துணியில் சுற்றினேன்.

"சரிங்க ஐயா" என்றேன். "போயிட்டு வாங்க."